உங்களுக்குத் தெரியுமா? மண்ணைத் தேற்றும் புல்

▪ இலங்கையின் நுவரெலியா, அட்டன் தோட்டங்களில் மூப்படைந்த தேயிலையைப் பிடுங்கியதும் புதுக் கன்று நடுவதில்லை. முதலில் மானா புல் அல்லது குவாத்தமாலா புல் நடுவார்கள். 18 முதல் 24 மாதங்கள் வரை அந்த மலை புல்லுக்கே சொந்தம்.

▪ மானா, எலுமிச்சைப்புல்லின் உறவு. அதன் வேர் இறுகிய மண்ணை இளக்கும். மழையில் மண் கரையாமல் பிடிக்கும். தேயிலை வேரைத் தாக்கும் நூற்புழுக்களும் குறையும். அவ்வப்போது வெட்டிய புல்லை அங்கேயே பரப்பி மட்கவிடுவார்கள்.

▪ தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கும் முறை இது.

▪ நஞ்சேறிய நிலங்களையும் செடிகளால் தேற்றலாம். அமெரிக்காவின் புளோரிடாவில், மரம் பதப்படுத்தியதால் ஆர்செனிக் படிந்த நிலமொன்றில் ஒரு பன்னம் செழித்து நின்றது. அது மண்ணிலுள்ள ஆர்செனிக்கை உறிஞ்சி இலைகளில் சேர்ப்பதை 2001இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஆசியாவின் பழஞ்சுவர் இடுக்குகளிலும் வளரும் இனம்தான் அது!

▪ ஒரு முக்கிய வேறுபாடு: மானாவை வெட்டிய இடத்திலேயே போடலாம், நஞ்சை உறிஞ்சிய பன்னத்தை அப்படிப் போட்டால் நஞ்சு மண்ணுக்கே திரும்பிவிடும். அதை அறுத்து அப்புறப்படுத்தியே ஆகவேண்டும்.