துக்கத்தோடு ஒரு தேனிலவு

மரணம் நெருங்குவது தெரிந்தும் கிரேக்கத்துக்குப் புறப்பட்ட தம்பதியின் கதை

1960 ஏப்ரல். ஏதென்ஸ் நகரின் அக்ரோபோலிஸ் குன்றில் ஒரு பெண் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தார். வயது 45 ஆக இன்னும் சில நாட்கள். தொடை எலும்பைப் புற்றுநோய் அரித்ததில் ஒரு கால் குட்டையாகிவிட்டிருந்தது. உடன் 61 வயதுக் கணவர். எப்படியோ உச்சியை எட்டிவிட்டார் அந்தப் பெண். அடுத்த மூன்று மாதங்களில் அவர் இறந்துபோனார். முடிவு தொலைவில் இல்லை என்பது கிளம்பும்போதே இருவருக்கும் தெரியும்.

கணவர் சி.எஸ். லூயிஸ். 'நார்னியா' கதைகளால் உலகம் முழுவதும் குழந்தைகளுக்கு அறிமுகமானவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இலக்கியப் பேராசிரியர். மனைவி ஜாய் டேவிட்மன் நியூயார்க்கில் பிறந்த கவிஞர். முதல் கணவரைப் பிரிந்து இரு மகன்களோடு இங்கிலாந்துக்கு வந்தவர்.

இவர்களின் கல்யாணமே தலைகீழாகத்தான் நடந்தது. 1956 ஏப்ரலில் செய்துகொண்ட பதிவுத் திருமணம், ஜாய் பிரிட்டனில் தொடர்ந்து வசிப்பதற்கான சட்ட ஏற்பாடு மட்டுமே. அதே ஆண்டு அக்டோபரில் ஜாய் வீட்டில் கீழே விழுந்தார். எலும்பு முறிந்தது. பரிசோதித்தபோது புற்றுநோய் என்று தெரிந்தது. அவரை இழக்கப்போகிறோம் என்ற நிலை வந்த பிறகுதான் லூயிஸுக்குத் தன் மனமே புரிந்தது. 1957 மார்ச்சில், மருத்துவமனைக் கட்டிலருகே, பாதிரியார் முன்னிலையில் மீண்டும் திருமணம். மணமகளால் எழுந்து உட்காரக்கூட இயலாத நிலை.

அதன் பின் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. நோய் பின்வாங்கியது. எலும்பு கூடியது. ஜாய் நடக்க ஆரம்பித்தார். 1958 ஜூலையில், தாமதமான தேனிலவாக, இருவரும் விமானத்தில் அயர்லாந்து சென்றார்கள். ஆனால் 1959 அக்டோபரில் வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது, நோய் திரும்பிவிட்டது என்றார்கள் மருத்துவர்கள். நண்பர் ரோஜர் லான்சலின் கிரீன், அவர் மனைவி ஜூன் ஆகியோரோடு கிரேக்கத்துக்குப் போகலாம் என்று ஒரு யோசனை இருந்தது. போவதா, விடுவதா?

நம் வீடுகளில் இந்தக் கேள்வியே எழாது. வீட்டில் ஒருவர் நோயில் கிடக்கும்போது உல்லாசப் பயணமா என்று நாலு பேர் கேட்பார்கள். சாவு விழுந்த வீட்டில் ஓராண்டுக்குத் தீபாவளியும் இல்லை, பொங்கலும் இல்லை. இறந்தவருக்குக் காட்டும் மரியாதை அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் இன்னும் இறக்காதவருக்கும் நாம் அதே துக்கத்தை அனுசரிக்கத் தொடங்கிவிடுகிறோம். மிச்சமிருக்கும் நல்ல நாட்களும் அதில் போய்விடுகின்றன.

லூயிஸ் தம்பதி போவதென்று முடிவு செய்தனர். ஏப்ரல் 3 முதல் 14 வரை பயணம். ஏதென்ஸுக்குப் பிறகு மைசீனியின் சிங்க வாயில், ரோட்ஸ் தீவு, கிரீட் தீவு. கொரிந்து வளைகுடாவின் கரையில் ஒரு சிற்றூரில் மீனும் மதுவுமாக நிதானமான மதிய உணவு. கிரேக்கத்தைப் பார்ப்பது ஜாயின் நீண்டநாள் ஆசை. நோயும் கூடவேதான் வந்தது; உடன் வந்த நண்பர்களுக்கும் அது தெரியும். அந்த ஆசை நிறைவேறிய திருப்தியோடு, இனி எது வந்தாலும் சரி என்ற மனநிலையில் ஜாய் ஊர் திரும்பியதாக லூயிஸ் பிறகு ஒரு நண்பருக்கு எழுதினார். மே மாதம் ஓர் அறுவைச் சிகிச்சை. ஜூலை 13ஆம் தேதி ஜாய் காலமானார்.

இந்தக் காதலை 1993இல் 'ஷேடோலேண்ட்ஸ்' என்ற திரைப்படமாக எடுத்தவர், இந்தியர்களுக்கு 'காந்தி' படத்தால் பரிச்சயமான ரிச்சர்ட் அட்டன்பரோ. படத்தில் கிரேக்கம் இல்லை. அதற்குப் பதில் இங்கிலாந்தின் ஒரு பள்ளத்தாக்கில், மழைக்கு ஒதுங்கிய இடத்தில் ஒரு காட்சி. தன் சாவைப் பற்றி மனைவியே பேச்செடுக்கிறார். இந்த நேரத்தைக் கெடுக்க வேண்டாமே என்று தவிர்க்கப் பார்க்கிறார் கணவர். மனைவி விடுவதில்லை. பின்னால் வரப்போகும் வேதனையை ஒதுக்கிவிட்டு இன்றைய சந்தோஷத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது என்பது அவர் வாதம். காட்சி கற்பனைதான். ஆனால் சேர்ந்து பயணம் போகும் பல தம்பதிகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒருவரை ஒருவர் நோகடிக்கக் கூடாதென்று இருவரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். இரவில் தனித்தனியாக அழுவார்கள்.

லூயிஸுக்குப் புற்றுநோய் புதிதல்ல. ஒன்பது வயதில் தாயை அதற்குப் பறிகொடுத்தவர். தந்தையும் அதே நோயால்தான் போனார். மனைவியின் மறைவுக்குப் பின் வீட்டில் கிடைத்த வெற்று நோட்டுப் புத்தகங்களில் தன் மனநிலையை எழுதிவந்தார். நான்காவது நோட்டோடு நிறுத்திக்கொள்வதென்று முடிவெடுத்தார். அதுவே 1961இல் வெளிவந்த 'எ க்ரீஃப் அப்சர்வ்ட்'. சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளாமல் என்.டபிள்யூ. க்ளார்க் என்ற புனைபெயரில் வெளியிட்டார். ஆறுதலாக இருக்கும் என்று சொல்லி நண்பர்கள் சிலர் அந்தப் புத்தகத்தை அவருக்கே சிபாரிசு செய்தார்கள்.

அதில் ஒரு அனுபவத்தைச் சொல்கிறார். மனைவியோடு மகிழ்ச்சியாக இருந்த இடங்களுக்கு, இருவருக்கும் பிடித்த மதுக்கடைக்கும் தோப்புக்கும், தனியாகப் போக அவருக்குப் பயம். ஆனாலும் தள்ளிப்போடாமல் போய்ப் பார்த்தார். பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை. மனைவி இல்லாத வெறுமை அந்த இடங்களில் மட்டும் ஒளிந்திருக்கவில்லை. எல்லா இடத்திலும் ஒரே அளவில்தான் இருந்தது. சந்தோஷமாக இருந்த ஊர்களை ஒதுக்கிவைப்பதால் துக்கம் குறைந்துவிடுவதில்லை.

1963 நவம்பர் 22ஆம் தேதி, அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்ட அதே நாளில், லூயிஸ் இறந்தார். துக்கம் அனுசரிக்க அவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் கிடைத்தன. கிரேக்கத்தைப் பார்க்க ஜாய்க்கு இருந்தது அந்த ஒரு ஏப்ரல்தான்.