அப்பாவின் வயிற்றில் ஒரு குட்டிக் கடல்

ராமநாதபுரம் மாவட்டத்துக் கரையோரம், பாக் விரிகுடாவில் கடல் ஆழம் குறைவு. அடியில் புல் வளர்ந்திருக்கும். பாசியைச் சொல்லவில்லை, வேரும் பூவும் உள்ள அசல் புல். அந்தக் கடற்புல்லின் தாளை வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறது ஒரு மீன். முகம் குதிரை மாதிரி. வாலும், ஆளுக்கொரு பக்கம் சுழலும் கண்களும் பச்சோந்தி மாதிரி.

கடல் குதிரையை மீன் என்றால் நம்ப முடிகிறதா? செவுளால்தான் மூச்சு விடுகிறது. செதிலுக்குப் பதிலாக உடம்பெல்லாம் எலும்புத் தகடு. முதுகுத் துடுப்பை நொடிக்கு முப்பது தடவைக்கு மேல் அடித்தாலும் வேகமாக நீந்த வராது. அலை இழுத்துப் போய்விடாமல் இருக்கத்தான் அந்த வால் பிடி.

நம் கடலில் வாழும் ஓர் இனத்துக்கு அறிவியல் பெயர் ஹிப்போகேம்பஸ் குடா. மலாய் மொழியில் ‘குடா’ என்றால் குதிரை. நமக்கோ குடா என்றால் கடல் நிலத்துக்குள் வளைந்து நுழையும் இடம். அப்படிப்பட்ட இடத்தில்தான் இந்தக் குதிரையும் வாழ்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் இது!

இந்தக் குடும்பத்தில் கர்ப்பமாவது அப்பா. ஆணின் வயிற்றுக்குக் கீழே, வால் தொடங்கும் இடத்தில், ஒரு பை இருக்கிறது. ஆணும் பெண்ணும் நிறம் மாறி, வாலோடு வால் பின்னி நெடுநேரம் ஆடும். பிறகு இரண்டும் எதிரெதிரே மேலெழும். சில நொடிகளில் பெண் தன் முட்டைகளை எல்லாம் அந்தப் பைக்குள் விட்டுவிடும். பை வாய் மூடிக்கொள்ளும்.

அது வெறும் பை என்று நினைத்துவிடாதீர்கள். உள்சுவர் பஞ்சுபோல் தடித்து, ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு சின்னக் குழி அமைகிறது. அதைச் சுற்றி ரத்தக் குழாய்கள் பெருகி, அப்பாவின் ரத்தத்திலிருந்து ஆக்ஸிஜனைக் கொண்டுவருகின்றன. முட்டைக்குள் அம்மா கட்டிக் கொடுத்த மஞ்சள் கரு இருக்கிறது. அப்பாவும் கொஞ்சம் ஊட்டுகிறார். இதையெல்லாம்விட என்னை வியக்கவைப்பது உப்பு விஷயம்தான். கடல் நீரின் உப்பு பிஞ்சுக் கருவுக்கு ஆகாது. அதனால் பைக்குள் இருக்கும் நீர் முதலில் உப்புக் குறைவாக இருக்கும். நாள் ஆக ஆக உப்பு ஏறி, பிரசவ நேரத்தில் ஏறக்குறைய கடல் நீராகவே ஆகிவிடும். வெளியே வருமுன்பே குட்டிகள் கடலுக்குப் பழகிவிடுகின்றன!

ஆஸ்திரேலியாவில் சிட்னி பக்கத்துக் கடலில் அமண்டா வின்சென்ட் என்ற ஆய்வாளர் நீருக்குள் மூழ்கி, அங்குள்ள இனத்தைக் கவனித்தார். கர்ப்பமான ஆணைப் பார்க்க அதன் ஜோடி தினமும் காலையில் வருமாம். இரண்டும் பளிச்சென்று நிறம் மாறி, ஒரே புல்லைப் பிடித்துச் சில நிமிடம் சுற்றிவிட்டுப் பிரியுமாம்.

கர்ப்பம் இரண்டு முதல் நான்கு வாரம். பிறகு பெரும்பாலும் இரவில், அப்பா உடம்பை வளைத்து வளைத்து முக்கும். பை திறந்து, அரிசி நீளக் கடல் குதிரைகள் பீறிட்டு வரும். நூற்றுக்கணக்கில், பெரிய இனங்களில் ஆயிரத்துக்கும் மேல். அதோடு அப்பாவின் வேலை முடிந்தது. குட்டிகளுக்கு அந்த நிமிடத்திலிருந்தே பசி. பல்லும் கிடையாது, இரைப்பையும் கிடையாது. தின்றது உடனே குடலுக்குப் போய்விடுவதால் மிதக்கும் மிகச் சிறிய உயிரினங்களைக் குழல் வாயால் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். மீனுக்கும் நண்டுக்கும் இரையாகி, ஆயிரத்தில் ஐந்துகூடப் பெரிதாவதில்லை என்பது ஒரு மதிப்பீடு.

அந்த ஐந்தையும் அள்ளிவிடுவது நம் வலை. அடிமட்டத்தை வாரிச்செல்லும் இழுவலையில் புல்லும் போகிறது, அதைப் பிடித்திருக்கும் கடல் குதிரையும் போகிறது. மருந்துக்கென்று காயவைத்து வெளிநாட்டுக்கு விற்ற காலமும் இருந்தது. 2001இல் இந்திய அரசு இதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்தது. இப்போது பிடிப்பதும் விற்பதும் குற்றம். அலங்காரப் பொருளாக யாராவது காய்ந்த கடல் குதிரையை நீட்டினால் வாங்காதீர்கள். அதன் வயிற்றுக்குக் கீழே பை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால், அது ஓர் அப்பா.