பால், பேட்டரி, மாம்பழக் கூழ், பீர்: நாலுக்கும் ஒரே கணக்கு, தெரியுமா?

சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்த மாவட்டம் எது தெரியுமா? சேலம்! தேதி 1937 அக்டோபர் 1. அன்றைக்கு ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்தச் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன! கொண்டுவந்தவர் ராஜாஜி. அவர் பிறந்த ஊர்? ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளி! ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் போனால் பெங்களூரு. அங்கே பப்புக்குப் பப்பு கோதுமை பீர் குழாயில் கொட்டுகிறது!

அந்தக் கோதுமை பீரைக் காய்ச்சுகிறவர் எந்த எண்ணை நினைத்துத் தவிப்பார் தெரியுமா? 1.050! முளைகட்டிக் காயவைத்த தானியம்தான் மால்ட். அதை உடைத்து வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் வரும் இனிப்புச் சாறு வோர்ட். தண்ணீரின் அடர்த்தியை 1.000 என்று வைத்தால் வோர்ட்டின் அடர்த்தி எவ்வளவு என்பதே கிராவிட்டி. அந்த 1.050, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று முடித்ததும் 1.012க்கு இறங்கினால் சுமார் 5 சதவீத ஆல்கஹால்! ஆரம்பமே 1.044 என்றால்? சுமார் 4.2 சதவீதம்தான்! மூன்றாவது தசம இடத்தில் ஆறு குறைந்ததற்கு இத்தனை வித்தியாசம்!

இதை அளப்பது மிதக்கும் ஒரு கண்ணாடிக் குழாய், அவ்வளவுதான். இதே குழாய் உங்கள் ஊர்ப் பால் சொசைட்டியிலும் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? பால்மானியில் 28 என்று காட்டினால் அர்த்தம் 1.028! பேட்டரிக் கடைக்காரர் ஆசிடை உறிஞ்சிப் பார்க்கிறாரே, அந்த ரப்பர் குமிழுக்குக் கீழே மிதப்பதும் இதுவே! முழு சார்ஜில் சுமார் 1.265. எக்ஸைட் பேட்டரித் தொழிற்சாலை ஓசூரிலேயே இருக்கிறதே!

இந்தக் கருவிக்கு என்ன வயது தெரியுமா? சுமார் 1,600 வருஷம்! கி.பி. 400ஐ ஒட்டி சினேசியஸ் என்பவர், அலெக்சாந்திரியாவின் கணித மேதை ஹைபேஷியாவுக்குக் கடிதம் எழுதி, இப்படி ஒரு மிதவைக் குழாய் செய்துதரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்!

கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் ஆலைக்குப் போனால் இதே இனிப்புக்கு வேறு அளவு: பிரிக்ஸ்! பெங்களூரா மாம்பழக் கூழ் வழக்கமாக 14 முதல் 16 பிரிக்ஸ். கோதுமை பீரின் 1.050ஐ பிரிக்ஸில் சொன்னால் 12.4தான். ஆக, நம்ம ஊர் மாம்பழக் கூழ் பீர் வோர்ட்டை விட இனிப்பு!

கூழ் ஆலையில் ஒரு சொட்டை வைத்துக் கண்ணருகே பிடித்துப் பார்க்கிறார்களே, அந்த ரிஃப்ராக்டோமீட்டர் பீரில் பொய் சொல்லும், தெரியுமா? நொதித்தபின் ஆல்கஹாலும் ஒளியை வளைக்கும்! 12.4இல் தொடங்கி உண்மையில் 1.012க்கு இறங்கிய பீர், அதில் 6.5 பிரிக்ஸ் என்று நிற்கும். அப்படியே கணக்குப் போட்டால் 1.026! ஈஸ்ட் படுத்துவிட்டது என்று பதறிப்போய் இன்னொரு பாக்கெட் ஈஸ்ட்டைக் கொட்டுகிறவர்கள் உண்டு!

இப்போது பெரிய ஆச்சரியம். கிராவிட்டி குறைந்துவிட்டது என்று புலம்புகிறவர்களில் பலருக்கு உண்மையில் குறைவதே இல்லை! எப்படி? அந்தக் குழாய் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்கு அளவிட்டது. அவசரக்காரர் 60 டிகிரிச் சூட்டிலேயே மிதக்கவிடுவார். சூட்டில் திரவம் விரியும், அடர்த்தி குறையும், குழாய் கூடுதலாக மூழ்கும். 1.050 இருக்க வேண்டிய இடத்தில் 1.035! பதினைந்து புள்ளி ஒரே அடியாகக் காணாமல் போகும்! ஆறவைத்து அளந்தால் அத்தனையும் திரும்பி வந்துவிடும்!

அடுத்த மாயம்: கெட்டியாகக் காய்ச்சிக் கடைசியில் தண்ணீர் ஊற்றி விளாவுகிறவர்களுக்கு. சரியாகக் கலக்காவிட்டால் கனமான சாறு அடியில், தண்ணீர் மேலே! மேலாக மொண்டு அளந்தால் எண் குறையாமல் என்ன செய்யும்?

சரி, நிஜமாகவே குறைந்தால்? முதல் சந்தேகம் கோதுமை மேல்தான்! பீரின் வழக்கமான தானியமான பார்லியைவிடக் கோதுமை மணி சிறியது, உறுதியானது. பார்லிக்கு வைத்த அதே இடைவெளியில் மில்லை ஓட்டினால் நிறைய மணி உடையாமல் முழுசாக வழுக்கிப் போகும். உடையாத மணியின் மாவுச்சத்து சர்க்கரையாகாது. கைநிறைய அள்ளிப் பாருங்கள்: முழு மணி கண்ணில் பட்டால் குற்றவாளி அங்கேயே மாட்டிக்கொண்டான்! நம்மூரில் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைக்கிறவர்களைக் கேளுங்கள், அரவை எவ்வளவு முக்கியம் என்று சொல்வார்கள்.

அடுத்தது சூடு. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளில் ஒன்றுக்கு 62 முதல் 65 டிகிரி பிடிக்கும், இன்னொன்றுக்கு 70ஐ ஒட்டி! 80ஐத் தொட்டுவிட்டால் இரண்டும் காலி! தெர்மாமீட்டர் தப்பாகக் காட்டினால் அன்றைய காய்ச்சலே போச்சு.

உமி இல்லாததும் ஒரு வினை! பார்லியின் உமி வடிகட்டியாக வேலை செய்யும். கோதுமைக்கு அது கிடையாது. ஜெர்மானியக் கோதுமை பீரில் குறைந்தது பாதி கோதுமை மால்ட் இருந்தாக வேண்டும். விளைவு? பாத்திரத்தின் அடியில் பசைபோல இறுகி, சாறு இறங்கவே இறங்காது! சர்க்கரையெல்லாம் சக்கையிலேயே தங்கிவிடும்! இதற்கு அமெரிக்க வீட்டுக் காய்ச்சல்காரர்கள் எதைக் காசு கொடுத்து பாக்கெட்டில் வாங்குகிறார்கள் தெரியுமா? நெல் உமி! ஆமாம், நம்ம ரைஸ் மில் வாசலில் மலையாகக் குவிந்து கிடக்கிறதே, அதேதான்!

கணக்கில் ஒரு வேடிக்கை. 20 லிட்டர் வோர்ட் 1.044இல் நிற்கிறது. 1.050 வேண்டும். ஒரு துளி இனிப்பும் சேர்க்காமல் ஏற்ற முடியுமா? முடியும்! 44ஐ 20ஆல் பெருக்கினால் 880. அதை 50ஆல் வகுத்தால் 17.6. அதாவது 2.4 லிட்டர் தண்ணீர் ஆவியாகும்வரை கொதிக்கவிட்டால் போதும்! அளவு குறையக் கூடாது என்கிற ஆசைக்காரருக்கு உலர் மால்ட் பொடி சுமார் 330 கிராம்!

கொதிக்கவிடுவது என்றதும் இதையும் கேளுங்கள்: ஓசூரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை! ஊர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர், அதனால் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்! கிராவிட்டிக்கு இதனால் நஷ்டம் ஏதுமில்லை.

ஒரு தேசத்துக்கே கிராவிட்டி இறங்கிய கதை தெரியுமா? முதல் உலகப் போரில் தானியத் தட்டுப்பாடு. 1914இல் 1.050ஐத் தாண்டியிருந்த பிரிட்டிஷ் பீரின் சராசரி, போர் முடியும்போது 1.030 அளவுக்கு விழுந்துவிட்டது! குடித்தவர்கள் திட்டினார்கள், ஆனாலும் குடித்தார்கள்! அதைப் பார்க்கும்போது 1.044 எல்லாம் ஒரு குறையா? கலயத்தை அப்படியே விட்டுவிடுவதுதான் பாதி நேரம் சரியான வைத்தியம். கோதுமை பீரின் பெயரே வாழைப்பழ வாசனையிலும் கிராம்பு வாசனையிலும்தான் இருக்கிறது. அவை ஈஸ்ட் தருபவை!

ஓசூர்க்காரர்களே, ஒரு எச்சரிக்கை. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது தமிழ்நாட்டில் குற்றம். அந்த 1937ஆம் வருஷச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது! ஜூஜூவாடி தாண்டிக் கர்நாடகத்துக்குள் போனாலும் லைசென்ஸ் வேண்டும். ஆசை அடங்கவில்லையா? 130 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து மொத்தம் ஒரு லிட்டராக்குங்கள். மிதவைக் குழாயை விடுங்கள்: 1.050 காட்டும். அதையே சுடவைத்து இன்னொரு முறை அளந்து பாருங்கள்!