பாப்பாவுக்கும் ஒரு டீயா? பல்லில் காவி ஏறும் ஆபத்து!

விடிகாலை 5 மணி. சிவகாசி பக்கத்துக் கிராமத்தில் டீக்கடை பாய்லர் சூடேறிவிட்டது. பட்டாசு ஆலை வேன் வருவதற்குள் வீட்டு வேலை முடிய வேண்டும். அடுப்பு பற்ற வைக்க நேரமில்லை. தூக்குச்சட்டியோடு பையன் ஓடி வருகிறான்.

"அண்ணாச்சி, நாலு டீ... பாப்பாவுக்கும் சேத்து!"

டீயில் ரெண்டு பொறையை நனைத்துத் தின்றால் காலைச் சாப்பாடு முடிந்தது! விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் அரை டம்ளர் டீ கொடுக்கும் வீடுகள் உண்டு.

இதில் என்ன ஆபத்து? அதன் பெயர் புளோரைடு.

பாறையில் இருந்து...

அதற்கு நிறமில்லை, வாடையில்லை. பாறைத் தாதுக்களிலிருந்து கரைந்து நிலத்தடி நீரில் கலக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம்; வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. இந்தத் தொல்லையால்தான் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது (2013). விருதுநகர் மாவட்டத்திலும் சில இடங்களில் போர்த் தண்ணீர் 1.5-ஐத் தாண்டுகிறது.

சரி, டீ என்ன செய்தது?

தேயிலைச் செடி மண்ணிலுள்ள புளோரைடை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும். கொழுந்தில் குறைவு, முற்றிய இலையில் அதிகம். மலிவுத் தூளில் முற்றிய இலைதான் கூடுதல். நல்ல தண்ணீரில் போட்ட டீயிலேயே லிட்டருக்கு 1 முதல் 5 மில்லிகிராம் வரை இருக்கக்கூடும். போர்த் தண்ணீரில் போட்டால் அதுவும் இதுவும் சேர்ந்துகொள்ளும்!

"கொதிக்க வெச்சா எல்லாம் போயிரும்" என்பார்கள். கிருமி போகும். புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

சிரிக்கக் கூச்சம்

1 முதல் 3 வயது வரை நாளுக்கு 1.3 மில்லிகிராம், 4 முதல் 8 வயது வரை 2.2. இதைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்க நிபுணர்கள் வகுத்த எல்லை. 1.5 அளவுள்ள போர்த் தண்ணீரை ஒரு லிட்டர் குடித்தாலே 3 வயதுப் பிள்ளை எல்லை தாண்டிவிடும். அதற்கு மேல் டீ வேறு!

8 வயது வரை ஈறுக்குள் நிலைப்பல் உருவாகும் காலம். அப்போது புளோரைடு மிஞ்சினால் எனாமல் கெடும். பல்லில் வெள்ளைத் திட்டு விழும். முற்றினால் மஞ்சளாகும், காவியேறும். உப்பு, கரி, பற்பொடி எதைத் தேய்த்தாலும் போகாது. அந்தப் பெண் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறார்கள். பட்டாசு ஆலை வாசலை மிதிக்காத பிள்ளைக்கும் இது வரும்.

வருஷக்கணக்கில் போனால் எலும்பும் தப்பாது. மூட்டு மடங்காது, முதுகு வளையும். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் பகுதியில் 1937-லேயே இதைக் கண்டறிந்து எழுதிவிட்டார்கள்.

போர்த் தண்ணீர் இல்லாமலே வெறும் டீ செய்த வேலையும் உண்டு! அமெரிக்காவில் 47 வயதுப் பெண் ஒருவர் தினமும் 100 முதல் 150 டீ பைகளை ஊறப்போட்டு 17 வருஷம் குடித்தார். பல்லெல்லாம் போய், எலும்பு கெட்டி தட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தார். 2013-ல் மருத்துவ இதழில் வெளியான விவரம் இது.

என்ன செய்யலாம்?

தாமிரபரணி கூட்டுக் குடிநீர் வரும் ஊரில் குடிக்க, உலை வைக்க அந்தத் தண்ணீர்தான். போர்த் தண்ணீர் குளிக்க, துவைக்க. சந்தேகமா? குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பரிசோதிக்கலாம். சாதா பில்டர் புளோரைடைப் பிடிக்காது, ஆர்.ஓ. பிடிக்கும்.

பிள்ளைக்குக் காலையில் கேப்பைக்கூழ், பால் கொடுக்கலாம். இவற்றிலுள்ள சுண்ணாம்புச் சத்து புளோரைடு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். பால் விட்ட டீயில் இந்தத் தடுப்பு கொஞ்சம் உண்டு. வரட்டீயில் அதுவும் கிடையாது.

பற்பசையிலும் புளோரைடு இருக்கிறது. மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். இனிப்பாக இருக்கிறதென்று முழுங்கிவிடாமல் பக்கத்தில் நின்று துப்பச் சொல்ல வேண்டும்.