குகைக்குள் ஒரு கைதட்டல்

மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் கிளம்பும் மலை ரயில், கல்லாறு தாண்டியதும் பல்தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். முதல் குகை வந்ததுமே பெட்டியிலுள்ள பிள்ளைகள் எல்லோரும் ‘ஓ’வென்று கத்துவார்கள். இருட்டில் யார் கண்ணுக்கும் தெரியாது என்ற தைரியத்தில் பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். உதகை வரை சுமார் 46 கிலோமீட்டர், 16 குகைகள், 16 கூச்சல்கள். அதே பிள்ளைகள் குன்னூரில் இறங்கித் தேயிலைத் தோட்டத்துக்குள் நின்று கத்தினால், சத்தம் வாயைவிட்டுப் போனதோடு சரி. பதில் வராது.

காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. பாறையில் பட்டுத் திரும்பும் ஒலி நொடியில் பத்தில் ஒரு பங்காவது தாமதித்து வந்தால்தான் நம் காது அதைத் தனிக் குரலாகப் பிரித்தறியும். அதற்குப் பாறை குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இதுதான் எதிரொலி. குகையிலோ சுவர் கைக்கெட்டும் தூரத்தில். முதல் பிரதிபலிப்பு நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் வந்துவிடும். அது எதிர்ச்சுவரில் மோதும், மறுபடி திரும்பும். ஆயிரக்கணக்கான பிரதிபலிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே வாலாக நீளும். பாடப்புத்தகம் இதை எதிர்முழக்கம் என்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் ரிவெர்ப். கோயில் திருவிழா மேடையில், “மைக் செட் தம்பி, எக்கோவைக் கொஞ்சம் கூட்டுங்க” என்று பாடகர் கேட்பதும் பெரும்பாலும் இதைத்தான்.

அந்த வால் எவ்வளவு நீளும் என்பதை முதன்முதலில் அளந்தவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை மண்டபத்தில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்து நொடிக்கு மேல் ஆனது. சபைன் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கவிட்டு, சத்தம் அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்தார். மெத்தை கூடக்கூட வால் குறைந்தது. குகையின் கருங்கல் ஒலியைத் திருப்பி அனுப்புகிறது. தேயிலைச் செடியோ கோடிக்கணக்கான சின்னஞ்சிறு இலைகளால் ஆன மெத்தை. தலைக்கு மேல் கூரையும் இல்லை.

இனி சினிமாவுக்கு வருவோம். ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சி கேத்தி ரயில் நிலையத்தில் எடுக்கப்பட்டது. ‘உயிரே’ படத்தின் ‘தையா தையா’ இந்த மலை ரயிலின் கூரைமேல் படமாக்கப்பட்டது. இப்படி எத்தனையோ பாடல்களுக்கு நீலகிரி முகம் கொடுத்திருக்கிறது. குரல் மட்டும் வேறு இடத்திலிருந்து வந்தது. கேமராதான் மலையேறியது, பாட்டு பதிவானது சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்த அறையில். அங்கே பதிவாகும் குரலை ‘டிரை’ என்பார்கள். உண்மையிலேயே வறண்ட குரல்தான். இடம் என்ற ஈரமே அதில் இருக்காது. பாடகர் மலையுச்சியில் நிற்பதாக நாம் நம்ப வேண்டுமானால், அந்த ஈரத்தை யாராவது பிறகு ஊற்றியாக வேண்டும்.

ஆரம்பத்தில் அதற்குக் காலி அறைகள் தேவைப்பட்டன: ஒரு மூலையில் ஸ்பீக்கர், மறுமூலையில் மைக். 1957-ல் ஜெர்மனியிலிருந்து ஈஎம்டி 140 வந்தது. அறைக்குப் பதில் இரண்டு மீட்டர் நீள எஃகுத் தகட்டைத் தொங்கவிட்டு அதிரச் செய்தார்கள். பெட்டியின் எடை கால் டன்னுக்கும் மேல். 1960-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தின் மான்ஃப்ரெட் ஷ்ரோடர், தகடும் வேண்டாம், கணக்கே போதும் என்று காட்டினார். ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தி, கொஞ்சம் குறைத்து, மறுபடி அதனுடனே கூட்டும் வளையங்கள் சிலவற்றைச் சேர்த்தால் ஒரு கற்பனை மண்டபம் கிடைத்துவிடும். 1996-ல் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் விஎஸ்டி என்ற வரைமுறையை வெளியிட்ட பிறகு, இத்தகைய கணக்குகள் எந்த வீட்டுக் கணினியிலும் பொருத்தக்கூடிய சிறு மென்பொருள்களாக மாறின. இசை மிக்ஸிங் செய்பவர்கள் தினமும் சொல்லும் ‘பிளக்-இன்’ இதுதான்.

ஷ்ரோடரின் மண்டபம் எங்கும் இல்லாத மண்டபம். நமக்கு வேண்டியது பர்லியாறு பக்கத்துக் குகை என்றால்?

அங்கே போய் ஒரு முறை கை தட்டினால் போதும்.

காரணம் எளிமையானது. டிஜிட்டல் ஒலி என்பது, சிடி தரத்தில், நொடிக்கு 44,100 எண்கள். அந்த எண் ஒவ்வொன்றையும் ஒரு குட்டிக் கைதட்டலாக நினைத்துக்கொள்ளுங்கள்: சிலது பலமானது, சிலது மெல்லியது. ஒரு கைதட்டலுக்குக் குகை தரும் பதில் தெரிந்தால், இரு மடங்கு பலமான தட்டலுக்கு இரு மடங்கு பதில். அடுத்த கணம் விழும் தட்டலுக்கு அதே பதில், ஒரு கணம் தள்ளி. இப்படி நொடிக்கு 44,100 பதில்களை அதனதன் இடத்தில் வைத்துக் கூட்டினால், பாடகர் அந்தக் குகையில் பாடியிருந்தால் என்ன கேட்டிருக்குமோ அது வந்துவிடும். இந்தக் கூட்டலுக்குப் பெயர் கன்வல்யூஷன். குகையின் ஒற்றைப் பதிலை இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்பார்கள். ஒலிப்பொறியாளர்கள் சுருக்கமாக ‘ஐஆர்’ என்பார்கள்.

கையைவிடப் பலூன் நல்லது. வெடிப்பு கூர்மையாக இருக்கும். அதைவிட நல்லது, அடித்தொனியிலிருந்து உச்சத்தொனி வரை வழுக்கிக்கொண்டு ஏறும் ஒரு நீண்ட ‘ஊய்ய்ங்’. இத்தாலியின் ஆஞ்சலோ ஃபரீனா 2000-ல் விளக்கிய முறை இது. அப்படிப் பதிவானதைப் பிறகு கணக்கால் ஒற்றை வெடிப்பாகச் சுருக்கிக்கொள்ளலாம்.

கணக்கு எளிது, ஆனால் உழைப்பு பெரிது. மூன்று நொடி வாலுக்கு 1,32,300 எண்கள். பாட்டின் ஒவ்வொரு எண்ணையும் அவை எல்லாவற்றோடும் பெருக்க வேண்டும்: ஒரு நொடிப் பாட்டுக்கு ஏறத்தாழ 583 கோடிப் பெருக்கல். 1965-ல் கூலியும் டுக்கியும் வெளியிட்ட வேக ஃபூரியர் உருமாற்றம் இந்தச் சுமையைப் பன்மடங்கு குறைத்தது. பாடகருக்குத் தாமதம் தெரியாதபடி வாலைத் துண்டு துண்டாக வெட்டிக் கணக்கிடும் வழியை வில்லியம் கார்ட்னர் 1995-ல் காட்டினார். 1999-ல் சோனி இதற்கென்றே ஒரு கருவியை விற்றது. இன்று மடிக்கணினியே இதைச் செய்துவிடுகிறது.

இதே கணக்கை உதகை மலை 1970-களிலேயே, தலைகீழாகப் போட்டுக்கொண்டிருந்தது என்பதுதான் எனக்கு வியப்பு. உதகைக்கு அருகே முத்தோரையில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி ஒரு மலைச்சரிவில் படுத்திருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் கட்டி முடிக்கப்பட்டது. சரிவைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு சூட்சுமம் உண்டு: அதன் சாய்வு சுமார் 11 பாகை, உதகையின் அட்சரேகையும் அதுவே. ஆகவே தொலைநோக்கியின் நீளவாட்டு அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிறது. ஒரே அச்சில் உருட்டினால் நிலவை மணிக்கணக்கில் பின்தொடரலாம்.

நிலவை ஏன் பின்தொடர வேண்டும்? தொலைதூர ரேடியோ விண்மீன்திரள்களை அது மறைக்கும் கணத்துக்காக. நிலவின் விளிம்பு மறைக்கும்போது சமிக்ஞை கத்தியால் வெட்டியதுபோல் நிற்பதில்லை. ரேடியோ அலை விளிம்பில் வளைந்து, அலையலையாக ஏறி இறங்கி அடங்குகிறது. ஒரு புள்ளி மறைந்தால் அந்த அலை எப்படியிருக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். அது நிலவின் ‘கைதட்டல் பதில்’ என்று சொல்லலாம். தொலைநோக்கியில் பதிவாவது, அந்தப் பதிலும் விண்மீன்திரளின் வடிவமும் கன்வல்யூஷனில் கலந்த கலவை. கலவையிலிருந்து வடிவத்தை மட்டும் பிரித்தெடுக்கும் வழியை வானியலாளர் பீட்டர் ஷாயர் 1962-ல் சொன்னார். அந்த வழியில் முத்தோரைக் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரேடியோ மூலங்களை ஆராய்ந்தது. ஒலிப்பொறியாளர் பாட்டையும் இடத்தையும் கலக்குகிறார். முத்தோரையில் கலந்து வந்ததைப் பிரித்தார்கள்.

பிரிப்பது அன்னப்பறவையின் வேலை. பாலோடு தூசியும் கலந்திருந்தால் அன்னமும் திணறும். பிரிக்கும் கணக்கு இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடும். எக்கோ ஏறிப்போன கல்யாண மண்டப வீடியோவிலிருந்து தாத்தாவின் பேச்சைச் சுத்தமாக மீட்பது இன்றும் கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கலப்பதிலும் ஓர் எல்லை இருக்கிறது. இந்தக் கணக்கு, இடம் மாறாமல் இருக்கும் என்று நம்பிக்கொண்டு போடப்படுவது. குகை மாறாது. திறந்த மலை மாறும்: காற்று திசைமாறினால் எதிரொலி அலைபாயும்; வெயில் ஏறினால் ஒலியின் வேகமே கூடும். காலை ஏழு மணிக்குப் பதிவு செய்த பள்ளத்தாக்கு மதியத்தில் வேறு பள்ளத்தாக்கு.

அதைவிட நுட்பமான பிழையும் நேரலாம். நீலகிரியின் பழங்குடிகளான கோத்தர்கள் தங்கள் சீவாளிக் குழலையும் கொம்பையும் பறைகளையும் வாசிப்பது திறந்த வெளியில், ஆடுவோர் வட்டமாகச் சுற்றிவர. அந்த இசைக்கு ஊர்வெளியும் தரையும்தான் மண்டபம். பதிவு வறண்டு ஒலிக்கிறதே என்று யாரோ ஒருவர் பிளக்-இன் பட்டியலில் ‘கதீட்ரல்’ என்பதை அழுத்தினால், அழகு கூடியதுபோல் தோன்றும். ஆனால் கோத்தர்களை அவர்கள் ஒருநாளும் வாசித்திராத ஐரோப்பியக் கல் தேவாலயத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தியாகிவிட்டது. எந்த ரிவெர்பும் வெறும் அலங்காரமல்ல. கேட்பவருக்குச் சொல்லும் முகவரி அது.

அந்தப் பட்டியல்களைத் திறந்தால் கதீட்ரல், கான்சர்ட் ஹால், பிளேட் (அந்தப் பழைய தகடு) என்றுதான் வரிசை ஓடும். நம் ஆயிரங்கால் மண்டபங்களும் நாயக்கர் மகாலும் மலை ரயிலின் குகைகளும் அதில் இடம்பிடிக்கப் பெரிய செலவு ஆகாது. ரயில்வே அனுமதி, ரயில் வராத ஒரு மணி நேரம், ஒரு நல்ல மைக், சில பலூன்கள். ஒவ்வொரு குகைக்கும் நீளம் வேறு, வளைவு வேறு. பதினாறும் பதினாறு விதமாகப் பதில் சொல்லும். ஜன்னலோரப் பிள்ளைகள் அந்தக் கேள்வியை ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பதிலை யாராவது பதிவு செய்ய வேண்டும்.