வீட்டு மின்சாரமும் தேய்மான நிதியும்

கூரையில் சூரியத் தகடும் கீழே பாட்டரியும் வைத்துக்கொள்ளக் கடன் வேண்டி அங்கத்தினர்கள் பலர் சங்கங்களை நாடுகின்றனர். முயற்சி நன்றே. எனினும், கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் இதன் வரலாற்றையும் கணக்கையும் அறிந்துகொள்ளுதல் நலம்.

வீட்டிலேயே மின்சாரத்தை உண்டாக்கிச் சேமித்தல் புதிதன்று. அமெரிக்காவிலுள்ள கிளீவ்லண்டு நகரில் சார்லஸ் பிரஷ் என்பார் 1888-ஆம் ஆண்டிலேயே தம் இல்லத் தோட்டத்தில் 12 கிலோவாட் காற்றாலை ஒன்றை இயக்கினார். அதன் மின்சாரத்தை நிலவறையில் அடுக்கிய 408 மின்கலங்களில் சேமித்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பயன்படுத்தினார். பின்னர் 1920, 1930-களில் அந்நாட்டுக் குடியானவர்கள் பலர் சிறு காற்றாலைகளும் 32 வோல்ட் ஈயப் பாட்டரிகளும் வைத்திருந்தனர். 1936-ஆம் ஆண்டின் கிராம மின்சாரச் சட்டத்திற்குப் பின், உழவர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, குறைந்த வட்டிக் கடன் பெற்று, ஊர்தோறும் கம்பி இழுத்தனர். தனித்தனியே பாட்டரியைப் பேணுவதினும் அது எளிதாயிருந்தமையால் காற்றாலைகள் பல கைவிடப்பட்டன.

சிலிக்கான் சூரியக் கலம் 1954-இல் வெளிவந்தபோது, ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கையே மின்சாரமாக்கிற்று. இன்றைய தகடுகள் இருபது பங்கிற்கு மேலும் மாற்றுகின்றன. நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும். ஆகவே உற்பத்தியைப் பற்றிக் கவலை குறைவு, கவலை சேமிப்பிலேதான்.

வீடுகளில் காணும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரி கொள்வது 1.8 யூனிட். நீண்ட நாள் உழைக்க வேண்டுமாயின் அதில் பாதியையே, அதாவது 0.9 யூனிட்டையே, எடுத்தல் தகும். 10 வாட் விளக்குகள் மூன்றும் 60 வாட் மின்விசிறிகள் இரண்டும் அதனால் ஐந்து மணி நேரத்திற்குக் குறையாமல் இயங்கும். கைத்தறிக் குடும்பத்திற்கு இரவில் இது போதும். விசைத்தறியின் ஒரு குதிரைச் சக்தி மோட்டாரோ ஒரு மணி நேரத்தில் அதனைத் தீர்த்துவிடும். பம்பு செட்டு வைத்திருப்போர் பாட்டரியை நாடவே வேண்டா. பகலில் நீரை இறைத்துத் தொட்டியில் நிரப்புவதே மலிவான சேமிப்பாகும்.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. பாட்டரியின்றி மின்வாரியக் கம்பியுடன் மட்டும் இணைத்த அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே அவ்வாறு செய்யப்பட்டுள்ளது. மின்வெட்டிலும் விளக்கெரியும் என்று நம்பி வாங்குவோர் இதனை முன்னரே கேட்டறிதல் வேண்டும். 2024-இல் மைய அரசு அறிவித்த கூரைச் சூரிய மின் திட்டத்தில், மூன்று கிலோவாட்டிற்கு ரூ. 78,000 என்ற மானியமும் தகட்டின் அளவைக் கொண்டே கணக்கிடப்பட்டது, பாட்டரியைக் கொண்டன்று.

தகடு இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கும். ஈயப் பாட்டரி பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே உழைக்கும். லித்தியம் பாட்டரி அதனினும் நெடுநாள் வரும், விலையும் கூடும். ஆக, தந்தை ஏற்றி வைத்த தகட்டின் கீழ் மகன் பலமுறை பாட்டரி மாற்ற நேரும். அப்போது கையில் பணமில்லையேல், நல்ல தகடும் கூரையில் வீணே கிடக்கும்.

இதற்குப் பரிகாரம் தேய்மான நிதியே. பாட்டரியின் விலை ரூ. 15,000 என்றும், ஆயுள் நான்கு ஆண்டுகள் என்றும் கொள்வோம். மாதம் ரூ. 312.50 ஒதுக்கினால் உரிய காலத்தில் புதியது வாங்கலாம். இதனைச் சங்கத்திலேயே தொடர் வைப்பாகச் செலுத்தி வரலாம். கடன் தவணையுடன் இத்தொகையையும் சேர்த்துத் தாங்க முடியுமா என்று பார்த்த பின்னரே விண்ணப்பம் எழுதுக.

ஈயப் பாட்டரி மின்னேறும்போது தீப்பற்றும் வாயு வெளிப்படும். ஆதலின் அதனை நூல் அடுக்கிய அறையில் வையாது, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, வாலை வடிநீரைக் காலந்தவறாது ஊற்றி வருதல் வேண்டும். பத்து அங்கத்தினர் கூடி ஒரே வகைப் பாட்டரியை ஒருங்கே வாங்கினால், விலையைப் பேசவும் பழுதுக்கு ஆளை அழைக்கவும் வலிமை உண்டாகும். தனி வீட்டின் மின்சாரத்திற்கும் கூட்டுறவே துணை.