கேட்காமல் வந்த செயலிகள்

புதுப் போனில் சிம்மைப் போட்டு, கூகுள் கணக்கைத் திறந்ததும் திரையைத் தள்ளிப் பாருங்கள். ஷாப்பிங் செயலி, நாலைந்து விளையாட்டுகள், இன்னொரு பிரவுசர், இன்னொரு ஆப் ஸ்டோர் என்று நாம் கேட்காதவை வரிசையாக நிற்கும். இவற்றைத்தான் புளோட்வேர் என்கிறார்கள்.

விலை குறைந்த போனில் லாபம் சொற்பம். வன்பொருளில் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று ஷாவ்மி நிறுவனர் லெய் ஜுன் 2018-இல் வெளிப்படையாகவே அறிவித்தார். மீதி வருமானம் விளம்பரத்திலும் இணையச் சேவைகளிலும்தான் வரவேண்டும். போனில் முன்கூட்டியே ஏற்றித் தருவதற்குச் செயலி நிறுவனங்கள் காசு கொடுக்கின்றன.

இவற்றில் இரண்டு வகை உண்டு. நம் படங்களும் கோப்புகளும் இருக்கும் சேமிப்பிடத்திலேயே வைக்கப்பட்டவை ஒரு வகை. ஐகானை அழுத்திப் பிடித்து ‘அன்இன்ஸ்டால்’ கொடுத்தால் போய்விடும். மற்ற வகை சிஸ்டம் பகுதியில் இருப்பது. ஆண்ட்ராய்டு அந்தப் பகுதியைப் படிக்க மட்டுமே திறக்கும். எதையும் அழிக்க விடாது. அதனால் அங்கே ‘அன்இன்ஸ்டால்’ பொத்தானுக்குப் பதில் ‘டிஸேபிள்’ பொத்தான்தான் இருக்கும். அதை அழுத்தினால் செயலி ஓடாது, அறிவிப்பு அனுப்பாது, ஐகானும் மறையும். ஆனால் பிடித்த இடத்தை விடாது. முதலில் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ கொடுத்துவிட்டால், பிறகு இறங்கிய பகுதியாவது கழியும்.

ஐகானே இல்லாதவையும் உண்டு. சாம்சங் போன்கள் பலவற்றில் ஃபேஸ்புக்கை முடக்கிய பிறகும் ஃபேஸ்புக் ஆப் மேனேஜர், ஆப் இன்ஸ்டாலர், சர்வீசஸ் என மூன்று செயலிகள் உள்ளே இருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம் செயலிகளையும் காட்டச் சொன்னால்தான் கண்ணில் படும். அவற்றையும் முடக்கலாம். பெயர் புரியாத மற்ற சிஸ்டம் செயலிகளில் கை வைக்க வேண்டாம். போனைக் கணினியில் இணைத்து, ஏடிபி என்ற ஆண்ட்ராய்டு கருவியின் கட்டளையால் நீக்குவோரும் உண்டு. தவறானதை நீக்கினால் போன் திறக்காமலே போகலாம். ஃபேக்டரி ரீசெட் செய்தால் நீக்கியதெல்லாம் திரும்பி வந்துவிடும்.

விலை கொடுத்து வாங்கிய பொருளில் எது இருக்கவேண்டும் என்பது வாங்கியவர் முடிவாக இருப்பதே நியாயம். இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, முன்கூட்டியே ஏற்றிய தன் செயலிகளை நீக்கவிடாமல் தடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால், செயலிகளை நீக்கவிடாமல் தடுக்கக் கூடாது என்ற உத்தரவை ரத்து செய்தது. அது நுகர்வோருக்கு இழப்பு.

வீட்டுப் பெரியவர்களுக்குப் போன் வாங்கித் தருகிறவர்கள், அரை மணி நேரம் உட்கார்ந்து இவற்றை நீக்கி, முடக்கிவிட்டுக் கையில் கொடுங்கள்.